வரி வாங்காத வீடு

நம் இணையதளத்தை இப்போது நடத்துகிற நீங்கள் மூன்று பேரும் நேற்று போனில் ஒரே நேரத்தில் பேசியதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதி இதுதான்: பரளச்சிப் பக்கத்து ஊர் ஒன்றின் தலைவர் நம் அலுவலகத்துக்கே வந்து, "எங்க ஊரு மொத்தமும் வருசா வருசம் உங்க தளத்துக்கு வரி கட்டும்" என்று சொல்லியிருக்கிறார். இனிமேல் விளம்பரம் கேட்டுக் கடை கடையாக ஏற வேண்டாம், சந்தா கேட்டு யாரிடமும் பல்லிளிக்க வேண்டாம். "ஒத்துக்கிடவாக்கா?" என்று கேட்டீர்கள். பொறுங்கள் என்றேன். உடனே உங்களில் ஒருவர், "அக்காவுக்கு எதுலயும் சந்தேகந்தான்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஓய்வு பெற்றது நான்தான், என் காது அல்ல.

போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு அந்தத் தலைவருக்குப் பதில் சொல்லுங்கள். பாதியில் விட்டுவிட்டு "லைக்" மட்டும் போடுகிற வேலை வேண்டாம்.

ஊர்ப்பலகை என்ற இந்த இணையதளத்தை நானும் தங்கப்பாண்டியும் தொடங்கியபோது அருப்புக்கோட்டையில் எனக்கு ஒரு டி.டி.பி. சென்டர் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, இவைதான் என் பிழைப்பு. தங்கப்பாண்டி எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவன். இப்போது பந்தல்குடி ரோட்டில் மொபைல் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். திருச்சுழிக்குப் போகிற பஸ் இன்றைக்கு வருமா, மல்லியும் மிளகாயும் என்ன விலை, எந்த ஊரில் மழை, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது, யாருக்கு ரத்தம் வேண்டும், யார் வீட்டில் துக்கம், இத்தனையும் ஒரே இடத்தில், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அவ்வளவுதான் எங்கள் யோசனை. யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இணையதளம் இரண்டாவது ரகம். அது தின்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது, திடீரென்று ஒரு நாள் பையில் கைவிட்டால் பை காலியாக இருக்கும்.

முதலில் தானாக வரும் விளம்பரத்தை நம்பினோம். தளத்தில் இடம் விட்டால் போதும், எங்கோ இருக்கிற ஒரு கம்பெனி தன் இஷ்டத்துக்கு விளம்பரத்தை நிரப்பிக்கொள்ளும். தங்கப்பாண்டிக்கு ஒரே சந்தோஷம். பாலவனத்தத்தில் ஒரு வாத்தியார் இறந்துபோனார். துக்கச் செய்தி போட்டோம். அதற்குக் கீழேயே ஒரு பெண் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, "வாழ்த்துகள்! அதிர்ஷ்டம் உங்கள் வாசலில்!" என்று மின்னி மின்னி வந்தாள். சீட்டாட்ட விளம்பரம். வாத்தியாரின் மகன் மொட்டையடித்த தலையோடு கடைக்கு வந்துவிட்டார்.

"எங்கய்யா செத்ததுக்கு எவம்மா வாழ்த்துச் சொல்றது?"

"நாங்க போடலைங்க. கம்ப்யூட்டர் தானாப் போடுது."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர வெளிய வரச் சொல்லு. நான் அதுகிட்டப் பேசிக்கிடுறேன்."

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் எனக்கு முதுகெலும்பே வளைந்துவிட்டது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. தானாக வந்தாலும் நம் பலகையில்தானே வந்தது. அன்றோடு அந்தக் கம்பெனிக்கு ஒரு கும்பிடு போட்டோம்.

பிறகு உள்ளூர் விளம்பரம். மல்லாங்கிணற்றுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டி வைத்திருந்த ஒருவர் தாராளமாகக் கொடுத்தார். வெள்ளைச் சட்டையில் அவர் கைகூப்பி நிற்க, பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் படம். அந்த வாரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. திருச்சுழி வரைக்கும் நல்ல மழை. மானாவாரிக் காட்டில் விதைக்கக் காத்திருக்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி உண்டா? முகப்பில் பெரிதாகப் போட்டோம். மழை விடுவதற்குள் அவரிடமிருந்து போன்.

"ஏந்தங்கச்சி, நான் துட்டுக் குடுத்துத் தண்ணிக்கு வெளம்பரம் போட்டா, அதுக்கு நேர் மேல 'நல்ல மழை'ன்னு போடுறீகளே, எவன் போர் போட வருவான்?"

"மழை பெஞ்சிருக்கேண்ணே."

"பெஞ்சா பெஞ்சிட்டுப் போகுது. அத எதுக்கு ஊர் பூராவும் சொல்லணும்?"

அவர் விளம்பரத்தை மழைக்குக் கீழேயிருந்து எடுத்து, பஸ் நேரத்துக்குக் கீழே போட்டேன். அதற்கும் மறுநாள் போன். "பஸ்ஸு வராதுன்னு போட்டு, அதுக்குக் கீழ என் போட்டோவப் போட்டிருக்கீக. பஸ்ஸ நான் நிறுத்துன மாதிரில்ல இருக்கு?" இந்த மனிதரை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

சரி, படிப்பவர்களிடமே கேட்போம் என்று சந்தாவுக்கு வந்தோம். மிளகாய், மல்லி, பருத்தி விலை மட்டும் சந்தா கட்டியவர்களுக்கு. மற்றதெல்லாம் எப்போதும்போல இலவசம். ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான் மாதத்துக்கு. ஊருக்கு ஒருவர் கட்டினார். கணக்காக, ஊருக்கு ஒரே ஒருவர். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, கட்டியவர் காலையில் எழுந்ததும் விலைப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து, "இனிய காலை வணக்கம் உறவுகளே" என்று ஒரு ரோஜாப்பூவையும் சேர்த்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுகிறார். ஒருவரைப் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணே, நீங்க ஒருத்தர் கட்டிட்டு ஊருக்கே குடுக்கீகளே?"

"பின்ன? நல்ல விசயத்த நாலு பேருக்குச் சொல்லணும்ல."

"அந்த நாலு பேரையும் கட்டச் சொல்லுங்களேன்."

"அவனுக எதுக்கும்மா கட்டணும்? அதான் நான் அனுப்பிருதேன்ல."

ஓசி என்றால் எனக்கொன்று, எங்கப்பனுக்கொன்று என்பது பழைய கதை. இங்கே ஓசியை வாரி வழங்குகிற வள்ளலே வேறொருவர், அதுவும் என் வீட்டுப் பானையிலிருந்து. தலையில் அடித்துக்கொண்டு விலைப் பக்கத்தையும் திறந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கப்பாண்டி தன் ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்குப் போய்விட்டு ஒரு யோசனையோடு வந்தான்.

"அக்கா, ஆளுகிட்டக் கேட்டாத்தான் குடுக்க மாட்டேங்கான். ஊருகிட்டக் கேப்பம். தலைக்கட்டு வரியோட வரியாச் சேத்துருவம். கடன் வாங்கியாவது கட்டிருவான்க்கா."

உங்களில் டவுனில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்களில் கோயில் பொங்கல் என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, அவனுக்கு முழு வரி. புருஷனை இழந்தவள் தனியாக இருந்தால் அரை வரி. பேங்க் லோனைக் கட்டாதவன்கூட இதைக் கட்டிவிடுவான். ஏனென்றால் இது காசு விஷயம் இல்லை. வரி கொடுக்கிறவன்தான் ஊர்க்காரன். கல்யாணமாகி முதல் வரி கட்டுகிற பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். இதன் மறுபக்கமும் தெரிந்ததுதான், ஆனால் அன்றைக்கு இருந்த எரிச்சலில் அதை யார் யோசித்தது?

முதலில் வந்தது அந்த ஊர்தான், இப்போது உங்களிடம் வந்திருக்கிற அதே ஊர், அதே தலைவர். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று ஊர்கள் சேர்ந்தன. பொங்கல் வரியோடு நமக்கும் கொஞ்சம் வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். போன் எடுத்துப் பேச இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தோம். சம்பள நாளில் தங்கப்பாண்டி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அதற்கு முன்னால் அந்த நாளில் அவன் என் முகத்தைப் பார்ப்பதே கிடையாது.

கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. தலைவர் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். டீ வந்தது, குடித்தார்.

"ஏம்மா, பக்கத்து ஊர்க்காரன் வரி குடுக்கானா?"

"இல்லண்ணாச்சி."

"பெறகு எதுக்கு அவனுக்குப் பஸ்ஸு நேரம் போடுதீக?"

"அண்ணாச்சி, அந்த ஊர் வழியாத்தான அதே பஸ்ஸு உங்க ஊருக்கு வருது?"

"எங்க ஊருக்கு வர்ற நேரத்த மட்டும் போடுங்க. அவன் கணக்குப் போட்டுப் பாத்துக்கிடட்டும்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்தது தப்பு என்று தங்கப்பாண்டி ஒரு வாரம் என்னிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். போர்வண்டிக்காரராவது தன் விளம்பரத்துக்கு மேலே இருக்கிற மழையைத்தான் நிறுத்தச் சொன்னார். இவர்கள் பஸ்ஸையே நிறுத்தப் பார்த்தார்கள்.

இங்கே ஒருவரைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நான் தொழில் படித்த அச்சாபீஸ் முதலாளி. பேர் வேண்டாம், அவருக்குத் தன் பேர் எங்கேயும் வருவது பிடிக்காது. சிடுமூஞ்சி. எழுத்து கோணினால் தாளைக் கசக்கி என் மேலேயே எறிவார். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். "கல்யாணப் பத்திரிகைல எவன் பேர வேணும்னாலும் பெருசாப் போடு, சண்டைய அவுகளே பாத்துக்கிடுவாக. துக்கச் சீட்டுல மட்டும் செத்தவரு பேரும் ஊரும்தான் பெருசு. துட்டுக் குடுத்தவன் பேரு அடியில, பொடி எழுத்துல. இத எவன் சொன்னாலும் மாத்தாத." அப்போது இது ஏதோ அச்சு அழகுக்குச் சொன்னது என்று நினைத்தேன்.

எங்கள் கடைக்கு எதிரே ஒரு தையல் கடை இருந்தது. அதில் முத்துலட்சுமி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். அந்த வரி கட்டுகிற ஊர்தான் அவளுக்கும். தினம் பஸ்ஸில் வந்து போவாள். ஒரு நாள் மத்தியானத்துக்குச் சற்று முன்னால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள்.

"எங்கப்பா போயிட்டாருக்கா. சாயங்காலத்துக்குள்ள எடுக்கணுமாம். ஒரு மணி பஸ்ஸ விட்டா வெளியூர்ச் சனம் யாரும் வந்து சேர முடியாதுக்கா. சீக்கிரம் போடுங்க."

ஏன் இவ்வளவு அவசரம், ஐஸ்பெட்டி வைத்தால் நாளைக்கு எடுக்கலாமே என்று கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்காமல் ரோட்டை எட்டிப் பார்த்தாள். அவளைக் கூட்டிப்போக அவள் மாமா பைக்கில் வந்துகொண்டிருந்தார். அதுவரைக்கும் உட்காரச் சொல்லிவிட்டுச் செய்தியைத் தட்டினேன். கருப்பையா, ஊர்ப் பேர், எடுக்கிற நேரம். தளத்தில் ஏற்றிவிட்டேன்.

அவள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் தலைவரிடமிருந்து போன்.

"ஏம்மா, எங்க வரியில ஓடுற பலகைல, வரியில இல்லாதவன் கேதத்தப் போட்டிருக்கீக?"

துக்கத்தை இந்தப் பக்கம் கேதம் என்போம், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் வரியில் இல்லாதவர் என்றது எனக்குத் தெரியாத சங்கதி. அவரே சொன்னார். கண்மாயில் கருவேலமரம் ஏலம் விட்ட பணத்துக்குக் கணக்கு எங்கே என்று ஊர்க்கூட்டத்தில் கருப்பையா எழுந்து கேட்டிருக்கிறார். கேட்டவர் போலீசுக்கும் ஒரு மனு எழுதிப் போட்டிருக்கிறார். அதிலிருந்து அவர் வீட்டில் ஊர் வரி வாங்குவதில்லை. வரி வாங்காத வீட்டுக்குக் கேதம் சொல்லிவிட ஊரிலிருந்து ஆள் போகாது, ஊர்ப் பொதுவில் வாங்கிவைத்த ஐஸ்பெட்டி வராது, தோள் கொடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். முத்துலட்சுமியின் அவசரம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அண்ணாச்சி, கேதத்துக்குப் போயி வரி பாப்பாகளா?"

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லம்மா. செத்துட்டாரு, போடுங்க, வேண்டாங்கல. ஊர்ப் பேர மட்டும் எடுத்துருங்க. அவரு எங்க ஊர்க்காரரு இல்ல. எடுக்கலைன்னா நாலு ஊரு வரியும் நின்னுரும், சொல்லிப்புட்டேன்."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருக்கும்போதே தங்கப்பாண்டி கீபோர்டை இழுத்து ஊர்ப் பேரை எடுத்துவிட்டான். போனை வைத்ததும் என்னிடம் குசுகுசுவென்று சொன்னான்.

"சின்ன விசயந்தானக்கா. அவுக சொந்தக்காரங்களுக்கு அவரத் தெரியாதா? ஒத்த வார்த்தைக்காக ரெண்டு பிள்ளைக சம்பளத்துல மண்ணு விழணுமா?"

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் கேட்டது. தம்பிகளா, தங்கச்சிகளா, நெருக்கடியில் வருகிற யோசனைகளில் ஆபத்தானது அநியாயமான யோசனை இல்லை. அதை எல்லாரும் கண்டுகொள்வார்கள். பாதி நியாயமாக ஒன்று வரும் பாருங்கள், அதுதான் காலை வாரிவிடும்.

அடுத்த போன் மல்லாங்கிணற்றிலிருந்து வந்தது. ஒரு பெண். மூச்சு வாங்கப் பேசினாள்.

"எந்த ஊருக் கருப்பையாம்மா? எங்க சித்தப்பா பேரும் அதான். மதுரை ஆஸ்பத்திரில கெடக்காரு. அவரா? சொல்லும்மா, அவரா?"

அவரில்லை, அவரில்லை என்று நான் கத்தினேன். அவள் அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தப் போனை வைப்பதற்குள் இன்னொரு போன், காரியாபட்டிப் பக்கம். எந்த ஊர்க் கருப்பையா? இந்தச் சீமையில் பஸ்ஸில் ஏறிக் கருப்பையா என்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்ப் பேர் இல்லாத கேதச் செய்தி யாருக்கும் செய்தி இல்லை. ஊரெல்லாம் பீதியைக் கிளப்பிவிட்டு, வரவேண்டியவரை வரவிடாமலும் செய்கிற காகிதம் அது. என் முதலாளி ஏன் பேரும் ஊரும் என்று சேர்த்துச் சொன்னார் என்பது எனக்கு அந்த இரண்டு போனில் விளங்கிவிட்டது.

"தங்கப்பாண்டி, ஊர்ப் பேரத் திருப்பிப் போடு" என்றேன்.

அவன் அசையவில்லை. மாமாவின் பைக்குக்காகக் காத்திருந்த முத்துலட்சுமி அப்போதுதான் வாயைத் திறந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு நிதானமாகப் பேசினாள்.

"எங்கப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் வரியக் கையில எடுத்துக்கிட்டுப் போயி கோயில் முன்னாடி நிப்பாருக்கா. வாங்க மாட்டாக. அவரும் போகாம இருக்க மாட்டாரு. போன பொங்கலுக்கு உங்க பலகைக்கு உண்டான வரியவும் சேத்துத்தான் கொண்டுபோனாரு. 'நான் தெனமும் பாக்குறேன்ல, ஓசியிலயா பாக்கச் சொல்லுற?'ன்னாரு. அதையும் வாங்கல. நேத்துக் காலைல கூட உங்க பலகைலதான் மல்லி வெல பாத்தாரு."

அந்த மனிதர் நமக்குக் கொடுக்க வந்த காசை நம் பேரைச் சொல்லி வசூலிக்கிற தலைவர் வாங்க மறுத்திருக்கிறார். வரி கட்டாதவர் என்று எனக்குச் சற்று முன்னால் போனில் சொன்னவரும் அவர்தான். ஊரோடு ஒத்து வாழ் என்று படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள், ஊர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

தங்கப்பாண்டி என்னைப் பார்க்காமலேயே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். அவனே ஊர்ப் பேரைத் திருப்பிப் போட்டான். நான் சொல்லாமலேயே, கருப்பையா பேருக்குச் சமமாக அதையும் பெரிய எழுத்தில் போட்டான். பிறகு, "சம்பளத்துக்கு என்னக்கா செய்வீக?" என்று கேட்டான்.

"தெரியலடா."

"நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கோபத்தில் வீட்டுக்குப் போகிறான் என்றுதான் நினைத்தேன். கேதத்துக்குப் போயிருக்கிறான். அந்திக்குத் திரும்பிவந்து, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வாசலிலேயே நின்றபடி சொன்னான். ஒரு மணி பஸ்ஸிலிருந்து கூட்டமாக இறங்கினார்களாம். பாலவனத்தம், மல்லாங்கிணறு, காரியாபட்டி, எல்லாப் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள். தோளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிற அளவுக்கு ஆள் இருந்ததாம்.

"ஊர்க்காரங்க?"

"அவுகவுக வீட்டு வாசல்ல நின்னு போனப் பாத்துக்கிட்டிருந்தாக. நம்ம பக்கத்தத்தான்."

அவன் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் தளத்தைப் பார்த்தார்கள் என்று எடுத்துப் பார்த்தேன். எல்லா ஊரையும் விட அந்த ஊர்தான் அதிகம். ஒருவர் தோள் கொடுக்க வரவில்லை, ஆனால் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்ப்பதற்கு ஊரே போனைத் தடவியிருக்கிறது. இவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது, சொல்லுங்கள்.

தலைவர் சொன்னதைச் செய்துவிட்டார். நாலு ஊர் வரியும் நின்றது. வேலைக்கு வைத்த இரண்டு பெண்களில் ஒருத்தி தானாகவே வேறு வேலைக்குப் போய்விட்டாள். இன்னொருத்திக்கு என் டி.டி.பி. வருமானத்தில் பாதிச் சம்பளம் கொடுத்தேன். கடைசியில் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போர்வண்டிக்காரரிடமே போனேன்.

"வாங்க தங்கச்சி. மழைய நிறுத்திட்டீகளா?" என்றார்.

"இல்லண்ணே. மழை பெஞ்சா போடத்தான் செய்வேன்."

"லேசான மழைன்னு போடுங்களேன்."

"லேசாப் பெஞ்சா லேசுன்னு போடுவேன். கனமாப் பெஞ்சா கனம்னு போடுவேன்."

முறைத்தார். ஐந்து நிமிஷம் திட்டினார். பிறகு வருஷத்துக்கு விளம்பரம் கொடுத்தார். இன்றுவரை கொடுக்கிறார், இன்றுவரை திட்டுகிறார். அவர் ஒரு வார்த்தையைத்தான் மாற்றச் சொன்னார், மாற்ற மாட்டேன் என்றதும் முனகிக்கொண்டு விட்டுவிட்டார். விளம்பரக்காரரிடம் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே காலம் தள்ளிவிடலாம். அவருக்கு நாம் சுவரொட்டி ஒட்டுகிற ஒரு சுவர், அவ்வளவுதான்; யார் ஊர்க்காரன் என்று அவர் நமக்குச் சொல்ல வர மாட்டார். துக்கச் செய்திப் பக்கத்தில் யாருடைய விளம்பரமும் கிடையாது என்ற சட்டமும் அப்போது போட்டதுதான். அதை மாற்றலாமா என்று போன மாதம் கேட்டீர்களே, மாற்றக் கூடாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து முத்துலட்சுமி கடைக்கு வந்தாள். கைக்குள் மடித்து வைத்திருந்த ரூபாயை என் மேசையில் வைத்தாள்.

"எங்கப்பா போன பொங்கலுக்கு உங்க பலகைக்குக் கொண்டுபோனது. இந்த மடிப்புலயே வச்சிருந்தாரு. சட்டைப் பையில இருந்துச்சு."

எனக்கு வாங்க மனமில்லை. துக்க வீட்டுக் காசு, வேண்டாம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று அவர்களிடம் இத்தனை காலமாகச் சொல்லி வந்தவர்கள் யார்? எடுத்து மேசை டிராயருக்குள் போட்டேன்.

"ரசீது தாங்கக்கா."

"யார் பேருக்கும்மா?"

"அப்பா பேருக்கு."

எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஊர்ப் பேரு?"

ஊர்ப் பேரையும் எழுதிக் கொடுத்தேன். வாங்கி இரண்டு முறை படித்தாள். எங்கள் வீட்டுக்கு வரி ரசீது வந்து ரொம்ப நாளாச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டித் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். நான் அன்றைக்கு ஒரு பத்திரிகையும் ஒழுங்காக அடிக்கவில்லை. அடித்ததிலெல்லாம் பிழை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அதே தலைவர் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, டீயும் குடித்துவிட்டு, ஊர் மொத்தமும் கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மனிதர் மாறியிருக்கலாம். மாறக் கூடாது என்று நான் சொல்லவில்லை, மாறினால் எனக்குச் சந்தோஷம்தான். நீங்கள் அவரிடம் எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள் என்றெல்லாம் கேட்க உட்கார்ந்துவிடாதீர்கள். முத்துலட்சுமியின் அம்மா இன்னும் அந்த ஊரில், அந்த வீட்டில்தான் தனியாக இருக்கிறார். ஊர்ச் சட்டப்படி அவருக்கு அரை வரி. மொத்தமும் என்றால் அந்த அரை வரியும் சேர்த்தியா என்று கேளுங்கள்.

இல்லை என்றால் வாசல் வரைக்கும் மரியாதையாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு, போர்வண்டிக்காரருக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குங்கள். ஆமாம் என்றால் நம்பிவிடாதீர்கள். அந்த அரை வரியை முதலில் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மற்ற வீட்டுக் காசை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.